வேண்டுதல் தாடி

"முழுசா எடுத்தரலாங்களா, இல்ல சும்மா ஒதுக்கி விட்டாப் போதுங்களா?" என்று மாது மறுபடியும் கேட்டான். பூபதி கண்ணாடியில் தெரிந்த தன் தாடியைப் பார்த்துக்கொண்டே "முழுசா" என்றான். சொல்லிவிட்டானே தவிர கை தாடியை விடவில்லை. இத்தனை வருசமாக இந்தச் சலூனுக்கு வந்து தலைமுடியை மட்டும் வெட்டிக்கொண்டு போகிறவன், தாடிப் பக்கம் கத்தரியைக் கொண்டுவந்தாலே கையைத் தட்டிவிடுகிறவன், இன்றைக்கு வந்து முழுசா என்கிறான் என்றால் மாதுவுக்கும் ஆச்சரியமாகத்தானே இருக்கும். ஆனால் கேட்க மாட்டான். ராசிபுரம் கடைவீதியில் பாதிப் பேருக்கு இந்நேரம் விசயம் தெரிந்திருக்கும், அவன் வேறு புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது. சத்தீஸ்கரில் தாமேஸ்வரி என்று ஒரு பெண், தன் குழந்தைக்கு இந்த பூபதிதான் அப்பன், குழந்தையை வளர்க்க ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று அந்த ஊர்க் கோர்ட்டில் கேட்டிருக்கிறாள். பூபதி அவளைத் தொட்டதில்லை. தொட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும், வக்கீல் ரேணுகாவுக்குத் தெரியும், பழநியில் இருக்கிற முருகனுக்குத் தெரியும். இன்று மத்தியானம், எதிர்மாடியில் இருக்கிற வக்கீலம்மா ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் அவன் உட்கார வேண்டும். அங்கே கோர்ட்டில் அந்தப் பெண் அவன் முகத்தைத் திரையில் பார்ப்பாள். "தாடியோட வந்து உக்காந்தீங்கன்னா அந்தப் பொண்ணுக்கே கொழப்பம் வந்துரும் பூபதி. மொகம் சுத்தமாத் தெரியணும். அவ பாக்கணும், இவரு இல்லைன்னு சொல்லணும், அத்தோட சோலி முடிஞ்சுது" என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த முழுசா.

மாது முதலில் கத்தரியால் கொத்துக் கொத்தாக வெட்டினான். வெள்ளைத் துணியில் முடி விழுந்தது, கறுப்பும் நரையுமாக. இவ்வளவு நரை இருக்கிறதா என்று பூபதிக்கே தெரியாது. வைத்தபோது ஒரு முடி கூட நரைக்கவில்லை. தாடி இவனுடையது என்றாலும் வேண்டுதல் பெண்டாட்டி கோகிலாவுடையது. கல்யாணமாகி நாலைந்து ஆடி போன பிறகு ஒரு நாள் கோவிலில் நின்று, குழந்தை கொடு, கொடுக்கிற வரைக்கும் இவர் முகத்தில் கத்தி படாது, குழந்தைக்கு முதல் முடி எடுக்கிற அன்றைக்கு அதே இடத்தில் அப்பனுக்கும் தாடி எடுக்கிறோம் என்று அவளே நேர்ந்துகொண்டு வந்து, சோறு போடும்போது சொன்னாள். ஊர்ப்பட்ட வேண்டுதல் இருக்க என் மூஞ்சிதான் கிடைத்ததா என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்ததெல்லாம் முதல் வருசத்தோடு சரி. போர்வெல் வண்டியில் வேலைக்குப் போன ஊரிலெல்லாம் தூசியும் சேறும் அதில்தான் வந்து அப்பும், பையன்கள் "சாமியாரே" என்று கூப்பிடுவார்கள், அவன் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி வளர்த்தான். குழந்தை பிறந்தால் எடுக்க வேண்டியதை, எனக்குக் குழந்தை இல்லை என்று நிரூபிக்க எடுத்துக்கொண்டிருக்கிறேனே, முருகா, இதை நீ எந்தப் பக்கம் எழுதுவாய். துணியில் கிடந்த முடியை அவன் விரலால் தள்ளிவிட்டான், அது கீழே விழாமல் மடியிலேயே கிடந்தது.

பின்னால் பெஞ்சில் யுவராஜ் உட்கார்ந்திருந்தான். கோகிலாவின் தம்பி. வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான். "தனியாப் போக வேண்டாம் மச்சான், நா வர்றேன்" என்று காலையில் வாசலில் வந்து நின்றுவிட்டான். கையில் போனை வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான், ஆனால் விரல் நகரவே இல்லை, அதை பூபதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்க்காமல் எங்கே போவது, எதிரே கண்ணாடி, தலையை மாது பிடித்துக்கொண்டிருக்கிறான். யுவராஜின் காதுகள் இரண்டும் வெளியே விடைத்துக்கொண்டு நின்றன. அந்த வீட்டில் எல்லோருக்கும் அதே காதுதான். மாமனாருக்கு அப்படி, யுவராஜுக்கு அப்படி, கோகிலாவுக்கும் அப்படி. அவள் வெளியே கிளம்பும்போதெல்லாம் முடியை இழுத்துக் காதை மூடித்தான் பின்னிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் பூபதி அதைப் பிடித்து இழுத்துக் கிண்டல் செய்வான். நம்ம பிள்ளைக்கு இந்தக் காது மட்டும் வேண்டவே வேண்டாம் என்பாள் அவள். வரட்டும், காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டுத் திரியட்டும் என்பான் இவன். பூபதி கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் அந்தக் குழந்தையின் படம் வந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிற ஜெராக்ஸ் தாள், துணிக்கு அடியில், நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. மாது துணியை இழுத்துக் கட்டியபோது அது லேசாகச் சரசரத்தது.

அந்தக் கோர்ட்டுத் தபாலை வாங்கினவள் கோகிலா. பிரித்தால் ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் இங்கிலீசு. ரேணுகா அம்மாவிடம் கொண்டுபோனான், அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார், நிமிர்ந்தார், "ஏம் பூபதி, உங்களுக்கு அங்க ஒரு கொழந்த இருக்குதுன்னு போட்டிருக்குது" என்றார். அப்போது பொசுக்கென்று உள்ளே ஒன்று துள்ளியது. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. பயம் பிறகுதான் வந்தது, கோபம் அதற்கும் பிறகு. முதலில் வந்தது சந்தோசம். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கோர்ட்டில், முத்திரை குத்தி, இன்னார் இந்தக் குழந்தைக்கு அப்பன் என்று அவன் பேரை எழுதியிருக்கிறார்கள். அடுத்த நொடி "இல்லைங்கம்மா, தப்பு" என்று வாய் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மானமுள்ள மனுசன் அதைத்தான் சொல்லுவான். இவன் வாய் சொன்னது "படம் எதும் இருக்குதுங்களா?" என்று. வக்கீலம்மா ஒரு மாதிரி பார்த்தார். தாளைத் திருப்பிக் காட்டினார். குட்டைப் பாவாடை, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, காமிராவைக் கண்டு மிரண்ட கண்ணு, இரண்டு பக்கமும் அந்தக் காது. கோகிலாவின் காது. அவனுக்கும் கோகிலாவுக்கும் ஒன்று பிறந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே அது அங்கே நின்றுகொண்டிருந்தது. எப்படி என்று புத்தி கேட்பதற்குள், இதோ என் பிள்ளை என்று மனசு சொல்லி முடித்துவிட்டது.

அவன் மேல் தப்பில்லை என்று அவனுக்கே தெரியுமே, பின்னே எதற்கு அன்று மாலை அப்படிப் பேச வேண்டும். வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொன்னான். கோகிலா கத்தவில்லை. பாத்திரம் எதையும் போட்டு உடைக்கவில்லை, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுக்கவில்லை. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, "பொண்ணுங்களா, பையனுங்களா?" என்று கேட்டாள். பூபதி "பொண்ணு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இல்லடி, அது என்னுது இல்ல என்று சொல்லாமல், கேட்ட கேள்விக்குப் பரீட்சையில் பதில் எழுதுகிற மாதிரி பொண்ணு என்றான். அவள் திரும்பிப் போய் அடுப்பை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தபடியே, "அப்படின்னா கொற எங்கிட்டத்தான்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, அவள் எதுவும் பேசாமல் சோறு போட்டாள், இவன் எதுவும் பேசாமல் தின்றான். ஏன் சொல்லவில்லை என்று பூபதி தன்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டான், ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. நாமக்கல் டாக்டர் கோகிலாவை எல்லா டெஸ்டும் எடுக்க வைத்துவிட்டு, வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச் சொல்லும்மா என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். சொல்லும்போதெல்லாம் இவனுக்கு வண்டி கிளம்பிவிடும். ராஜஸ்தானுக்குக் கிளம்பும், தெலுங்கானாவுக்குக் கிளம்பும், எதுவும் இல்லையென்றால் இன்ஜின் ரிப்பேர் என்று ஷெட்டுக்காவது கிளம்பும். பூமியில் ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தைரியம் இருந்த மனுசனுக்குத் தன்னிடம் இருக்கிறதா என்று பார்க்கத் தைரியம் இல்லை. அந்தத் தபால் வந்து அவனை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றியது. அவள் குறையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள், இவன் சும்மா இருந்தான். அதுதான் நடந்தது, வேறு எப்படிச் சுற்றி வந்தாலும் அதுதான்.

மாது நுரையைக் குழைத்துக் கன்னத்தில் பூசினான். சில்லென்றது. இந்தக் கன்னத்தில் எதுவும் பட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. சத்தீஸ்கர் வெயில் கூடப் படவில்லை. அந்த ஊர்ப் பெட்ரோல் பங்க் ஓரத்தில்தான் வண்டியை நிறுத்துவார்கள், எதிரே டீக்கடை, அதில் கிளாஸ் கழுவிக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். தாமேஸ்வரி அவளாகத்தான் இருக்க வேண்டும். பூபதி பார்த்திருக்கிறான். பார்த்தால் பிள்ளை பிறக்குமா, ஆனாலும் பார்த்திருக்கிறான், ஒரு தடவை அவள் குனிந்து நிமிர்ந்தபோது கொஞ்சம் கூடுதலாகவே பார்த்திருக்கிறான், தபால் வந்த பிறகு அது கூட ஒரு குற்றமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பூபதி அந்த வண்டிக்கு மேனேஜர். அங்கே போனதும் தன் ஆதாரைக் கொடுத்து ஒரு சிம் வாங்கினான். அந்த நம்பர்தான் வண்டியின் நம்பர். ஏஜெண்டு, போர் போடுகிற தோட்டக்காரன், டீசல்காரன் எல்லோரும் அதற்குத்தான் அடிப்பார்கள். மேனேஜர் மாறினாலும் சிம் மாறாது. சாவி, ஜாக்கி, சட்டிபானையோடு அதையும் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் போர்வெல் தொழிலில் வழக்கம். பேர் மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கும் ஆளைப் பற்றிக் கவலையில்லை, யார் வந்தாலும் மேனேஜர்தான், யார் எடுத்தாலும் "ஹலோ மேனேஜர்"தான். அந்தப் பெண்ணும் தன்னோடு பழகினவனை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டிருப்பாள். ஆளும் போய், நம்பரும் அணைந்து போன பிறகு, அவளிடம் மிஞ்சியது அந்த நம்பர் மட்டும். தேடிப் பார்த்தால் அதன் மேல் பூபதி என்று எழுதியிருக்கிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பூபதிக்கு இடுப்பு விட்டுப்போய் ஊருக்கு வந்தபோது, வண்டியையும் சிம்மையும் வாங்கிக்கொண்டு அடுத்த மேனேஜராக உட்கார்ந்தவன் இதோ பின்னால் பெஞ்சில் இருக்கிறான். முதலாளியிடம் நம்ம பையன்தான், நம்பிக் கொடுங்க என்று சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் இதே பூபதிதான்.

தபால் வந்த சேதி பரவியதும் எல்லோரும் வந்து கேட்டார்கள். பங்காளிகள் கேட்டார்கள், பால்காரர் கேட்டார், எந்த ஊரு, எத்தன வயசுக் கொழந்த, நெசமாவா என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டவன் உண்டு, பார்த்துச் சிரித்தவன் உண்டு. யுவராஜ் ஒருவன்தான் எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து தாடி வளர்க்க ஆரம்பித்தான். இப்ப இதுதான் ஸ்டைலு மச்சான் என்றான். ஆவணியில் கல்யாணம், பொண்ணு வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது, மாப்பிள்ளை இப்படித் தாடியோட நின்னா எப்படி என்று கோகிலா கூடத் திட்டினாள். அம்மா இல்லாத தம்பி, இவள் கையில் வளர்ந்தவன். பூபதிக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது. படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோகிலாவிடம் படமெல்லாம் எதுவும் வைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னான். அவள் பார்த்தால் காதைப் பார்ப்பாள், காதைப் பார்த்தால் தம்பியைப் பார்ப்பாள். அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வேலைக்கு நடுவே ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று அதை எடுத்து எடுத்துப் பார்த்தது யாருக்காக. ரோஷ்னி என்று பேர். ஒரு தடவை கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அது என்னுடையது இல்லை என்று காதுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம்.

கத்தி காதோரத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கியது. வழித்த இடம் எரிந்தது. கடைசியில் ஒரு நாள் கோகிலாவிடம் சொல்லிவிட்டான், அது என்னுது இல்ல, சிம்மு எம் பேர்ல இருந்ததால வந்த வெனை என்று. அவள் சரி என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை, பின்ன எதுக்கு இத்தன நாள் சொல்லல என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை. வக்கீலம்மாவிடமும் பாதிதான் சொன்னான். உங்களுக்கு அப்புறம் சிம்ம யார் வச்சிருந்தாங்க என்று கேட்டதற்கு, பல பேர் மாறுவாங்கம்மா, யாருன்னு சொல்றது என்றான். "ஜட்ஜு இதையே கேட்டா?" "தெரியாதுன்னு சொல்லிடறேங்க." "சத்தியப் பிரமாணம் பண்ணிட்டுச் சொல்லணும்" என்றார் அவர், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும். பூபதி தப்பித்தான், யுவராஜ் தப்பித்தான், ஆவணியில் பந்தல் போடலாம், கோகிலா தம்பிக்குச் சீர் எடுத்து வைக்கலாம். அங்கே அது மட்டும் அந்தக் காதை வைத்துக்கொண்டு, கிளாஸ் கழுவுகிற தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டிருக்கும். பூபதிக்கு அதைவிடக் கேவலமான ஒரு நினைப்பும் இருந்தது, கத்தி தொண்டைக்குழியில் நிற்கும்போது அதுதான் மேலே வந்தது. யுவராஜ் பேரைச் சொல்லாவிட்டால் அதற்கு அப்பன் யாரும் இல்லை. யாரும் இல்லையென்றால், சட்டைப் பையில் இருக்கிற வரைக்கும் அது இவனுடையதுதான். தம்பியைக் காப்பாற்றுகிறேன், பெண்டாட்டி மனசு நோகாமல் பார்க்கிறேன் என்று ஊருக்கு நல்லவனாக இருந்ததெல்லாம் பாதி பொய். ஒரு பிள்ளையின் சோற்றை மறித்துக்கொண்டு அதன் படத்தை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான். "எச்சி முழுங்காதீங்கண்ணா, கத்தி பட்ரும்" என்றான் மாது.

இன்று காலை கிளம்பும்போது கோகிலா வாசல் வரைக்கும் வந்தாள். தம்பி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டி இவன் தாடியைத் தொட்டாள், ரோட்டில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படியெல்லாம் தொடுகிறவள் இல்லை. "எடுத்துட்டு வாங்க. இனி வளக்க வேண்டாம்" என்றாள். "உங்க மொகம் எப்படி இருக்கும்னே மறந்து போச்சு." வேண்டுதலை அவளே முறித்துக்கொண்டாள். முருகனோடு சண்டைக்குப் போய்த் தோற்றுத் திரும்பி வந்தவள் மாதிரி நின்றாள். அப்போதுகூட அவள் காது மூடித்தான் இருந்தது.

மாது ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினான். கண்ணாடியில் வெளுத்துப்போன ஒரு முகம் இருந்தது. மேலே வெயிலில் காய்ந்த நெற்றி, கீழே யாரும் பார்க்காத தோல், நடுவில் ஒரு கோடு. ஒளிய இடமில்லாமல் அது அவனைப் பார்த்தது. மோவாயில் சின்ன வயதில் விழுந்த தழும்பு அங்கேயே இருந்தது. "பத்து வயசு கொறஞ்சு போச்சுங்கண்ணா" என்றான் மாது. யுவராஜ் எழுந்து சாவியை எடுத்தான். "போலாங்களா மச்சான்? நேரமாச்சு." பேசும்போது அவன் கை தன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தது. புதுத் தாடி, கன்னத்தில் இன்னும் சரியாகக்கூட அடையவில்லை. பூபதி துணியை அவிழ்த்துக்கொண்டு எழுந்தான். எழுந்தபோது என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. நாற்காலியைத் தட்டி, மேலே கிடந்த முடியை உதறிவிட்டு, "மாது, மாப்ளைக்கும் எடுத்து உடு" என்றான்.

"எனக்கா? எனக்கு எதுக்கு மச்சான்?"

"அந்தப் பொண்ணு என்னப் பாத்துட்டு இவரு இல்லைன்னு சொல்லுவா. அப்ப நீயும் பக்கத்துல உக்காந்திருக்கணும் மாப்ளே. மொகம் சுத்தமாத் தெரியணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

மாது கையில் கத்தியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. யுவராஜ் வாசலைப் பார்த்தான், ஓடிவிடுவானோ என்று பூபதி நினைத்தான், ஓடினால் பிடிக்க இடுப்பில் வலு இல்லை, பிடிக்கவும் போவதில்லை. "அக்காளுக்குத் தெரியுங்களா?" என்றான் யுவராஜ். "சாயங்காலம் நா சொல்லிக்கறேன். எனக்கும் அவகிட்டச் சொல்றதுக்கு வேற ஒண்ணு இருக்குது, நாமக்கல் டாக்டர் விசயம்" என்றான் பூபதி. யுவராஜ் சாவியைப் பெஞ்சில் வைத்தான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பூபதி உட்கார்ந்திருந்த சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். மாது வேறு துணி எடுத்துக் கழுத்தில் சுற்றினான். கண்ணாடியில் அந்தக் காதுகள் சிவந்துகொண்டு வந்தன. யுவராஜ் கண்ணாடியிலேயே பூபதியைப் பார்த்துக் கேட்டான்.

"பொண்ணுங்களா மச்சான், பையனுங்களா?"

இவனுக்கு அது கூடத் தெரியாது. பூபதிக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றியது, தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. கொடுக்க மனசு வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், விரல் கொஞ்ச நேரம் அதை விடவே இல்லை. பிறகு பிரித்து, சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்த பலகையில், யுவராஜ் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்தான்.

"பொண்ணு. ரோஷ்னின்னு பேரு" என்றான்.

மாது யுவராஜின் தாடியில் தண்ணீர் தெளித்தான்.